நம்பினார்க்கு நாம் பட்ட கடன்

‘காட்டிக் கொடுத்தல்’ என்பது நம் மொழியில் வழங்கும் கடுஞ்சொற்களுள் ஒன்று. தன்னை நம்பி அடைந்தவனைப் பகைவன் கையில் ஒப்புவிப்பவனைக் காட்டிக் கொடுத்தான் என்கிறோம். அண்டை வீட்டான் செய்யும் குற்றத்தை ஊர்ப் பெரியோர்க்கோ அரசு அலுவலர்க்கோ தெரிவிப்பவனையும் காட்டிக் கொடுத்தான் என்றே பழிக்கிறோம். இவ்விரண்டும் ஒரே செயல்தாமா? முன்னது துரோகம் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. பின்னதும் துரோகமே எனின், குற்றத்தை அறிந்தும் வாய்மூடி இருப்பவனே விசுவாசி ஆகிவிடுவான். அவ்வாறு கொள்ளலாகுமா என்பதே இங்கு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

இது பொழுதுபோக்காக எழுப்பும் வினா அன்று. 2024 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 18, 19 ஆகிய நாள்களில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம் பகுதியில் மெத்தனால் கலந்த சாராயத்தை அருந்தியோர் கூட்டங்கூட்டமாக மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெண்களும் உண்டு. பெரும்பாலோர் அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்ணும் எளியோர். திருநறுங்கொண்டை மலையேறி அப்பாண்டைநாதரை வணங்கி வரும் நம் குடும்பத்தார்க்குக் கள்ளக்குறிச்சி அயலூர் அன்று. அம்மலை நிற்கும் உளுந்தூர்ப்பேட்டை வட்டமும், கபிலர் நினைவைத் தாங்கும் திருக்கோவலூரும், கல்வராயன் மலையும் 2019 நவம்பரில் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தவையே. ஆதலின் அங்கு நிகழ்ந்ததைச் செய்தித்தாளில் படித்து மடித்து வைத்துவிட நமக்கு மனம் ஒப்பவில்லை. நம்பிக்கை என்பது என்ன, அதை முறிப்பது என்ன, அதற்கு உண்மையாய் நிற்பது என்ன என்பதைப் பழைய நாடகங்களின் துணைகொண்டும் நம் வீட்டு வாழ்வைக் கொண்டும் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

கூத்து மேடையில் கர்ணன்

இம்மாவட்டத்து மக்களுக்கு நாடகம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது தெருக்கூத்து. திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பாரதக் கதை இரவு முழுவதும் ஆடப்படுகிறது. உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த கூவாகத்தில் சித்திரைத் திருவிழாவின்போது அரவானுக்காக அழுவோர், கதையில் வரும் ஒருவனுக்காக அழுவதாக எண்ணுவதில்லை. தம் வீட்டில் நேர்ந்த இழவாகவே எண்ணி அழுகின்றனர்.

இக்கூத்துகளுள் மக்கள் மனத்தை மிக உருக்குவது ‘கர்ண மோட்சம்’. போருக்குப் புறப்படும் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் காட்சியில் கண் கலங்காதார் அரியர். பாண்டவர் தன் உடன்பிறந்தோர் என்று அறிந்த பின்னும் அவன் துரியோதனனை விட்டு நீங்கவில்லை. தேரோட்டி மகன் என்று உலகம் எள்ளியபோது அங்க நாட்டை அளித்துத் தன்னை அரசனாக்கியவனை இக்கட்டில் கைவிடுவது எங்ஙனம் என்று கேட்கிறான். செய்ந்நன்றி மறவாமைக்கு அவனே உருவம் என்று ஊரார் போற்றுகின்றனர்.

அவன் நன்றியுணர்வை நாமும் போற்றுகிறோம். ஆயினும் ஆசிரியராய் இருந்தவர்க்கு இன்னொரு வினாவும் எழும். சூதாட்ட அவையில் ஒரு பெண்ணின் துகிலைப் பற்றி இழுத்தபோது அந்த உயிர் நண்பன் என்ன செய்தான்? தடுத்தானில்லை, வியாசர் பாரதத்தின்படி அவளை இழித்தும் பேசினான். அதே அவையில் துரியோதனனின் தம்பியருள் ஒருவனான விகர்ணன் எழுந்து நின்று, இது முறையன்று என்றான். கர்ணன் அவனைச் சிறுவன் என்று கடிந்து அடக்கினான். பின்னர்ப் போர் வந்தபோது விகர்ணனும் தமையன் பக்கமே நின்று மாண்டான்.

இவ்விருவருள் துரியோதனனுக்கு உண்மையானவன் யார்? தமையனின் செயலை எதிர்த்தவன், ஆனால் தமையனை விட்டு ஓடாதவன் ஒருவன். நண்பனுக்காக உயிரையும் கொடுத்தவன், ஆனால் அந்நண்பன் அழிவை நோக்கிச் சென்றபோது அவன் கையைப் பற்றித் தடுக்காதவன் மற்றொருவன். நட்பின் இலக்கணம் கூறவந்த வள்ளுவர், நண்பன் நெறி தவறும்போது இடித்துரைப்பதை நட்பின் கடனாகவே வைத்தார். அவ்வகையில் நோக்கின் துரியோதனன் அவையில் அன்று அவனுக்கு வாய்த்த மெய்யான துணை விகர்ணனே. கூத்தில் அவனுக்கென்று ஓர் இரவு இல்லை. நம் தெருக்களிலும் அத்தகையோர்க்கு மாலை விழுவதில்லை.

வேடம் தரித்த நம்பிக்கை

வடமொழியில் விசாகதத்தர் இயற்றிய ‘முத்ராராக்ஷசம்’ 7 அங்கங்கள் கொண்ட அரசியல் நாடகம். நந்தர் குலம் அழிந்து சந்திரகுப்த மௌரியன் பாடலிபுத்திரத்தில் அமர்ந்த காலத்துக் கதை அது. நந்தரின் அமைச்சனான ராக்ஷசன், தன் அரசர் இறந்த பின்னும் அவர்பால் கொண்ட பற்றை விடாமல் சந்திரகுப்தனை வீழ்த்த முயல்கிறான். சாணக்கியன் அவனைக் கொல்ல விரும்பவில்லை. இறந்துபோன அரசனிடமிருந்து இனி ஒரு பயனும் கிடையாது என்று அறிந்தும் உறுதி மாறாத இவன் போன்றோனே தன் மாணவனுக்கு அமைச்சனாக வேண்டும் என்று கருதுகிறான். அதற்காக அவனைச் சுற்றிப் பொய் நண்பர்களை நிறுத்துகிறான்.

அப்பொய் நண்பர்களுள் ஒருவன் ஜீவசித்தி. அவன் அணிந்திருப்பது க்ஷபணகன் வேடம். அதாவது நம் சமணத் துறவியின் கோலம். ராக்ஷசன் அவனை உற்ற நண்பனாகவே கொண்டிருந்தான். அவனோ சாணக்கியனின் ஒற்றன். ராக்ஷசனுக்கும் அவனை ஆதரித்த மலயகேதுவுக்கும் இடையே பிளவை உண்டாக்கிய சொற்கள் அவன் வாயிலிருந்தே வந்தன. நம் சமயத்தின் கோலம் நாடகத்தில் இவ்வாறு கையாளப்பட்டதே என்று நாம் வருந்த வேண்டுவதில்லை. எக்கோலத்தை மக்கள் ஐயமின்றி நம்புகிறார்களோ அதையே வஞ்சகன் தேர்ந்தெடுப்பான். அத்துறவுக் கோலம் அன்று அவ்வளவு நம்பப்பட்டது என்பதற்கு அதுவே சான்று.

அந்நாடகத்தில் இன்னொருவனும் உளன். சந்தனதாசன் என்னும் வணிகன். ராக்ஷசன் நகரை விட்டு நீங்கும்போது தன் மனைவி மக்களை இவன் வீட்டில் அடைக்கலமாக வைத்துச் சென்றான். அவர்களை ஒப்புவிக்குமாறு சாணக்கியன் அச்சுறுத்துகிறான். சந்தனதாசன் மறுக்கிறான். கொலைக்களத்துக்குக் கொண்டு செல்லப்படும்போதும் மறுக்கிறான். அவனைக் காப்பதற்காகவே ராக்ஷசன் இறுதியில் தானே வந்து பணிகிறான். ஆயிரம் சூழ்ச்சிகள் செய்தும் பிடிக்க இயலாதவனை ஒரு நண்பனின் உறுதி தானாகவே வரவழைத்தது.

இனி வேடம் என்பதே தீதோ எனின், அதுவும் அன்று. 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷேக்ஸ்பியர் எழுதிய ‘லியர் மன்னன்’ நாடகத்தில், முதிய அரசன் தன் நாட்டைப் புதல்வியர்க்குப் பங்கிடுகிறான். இனிய சொற்களைக் குவித்த மூத்த மகளிர் இருவரும் நாட்டைப் பெற்றனர். மிகைப்படுத்திப் பேச மறுத்த இளையவள் கார்டீலியா விரட்டப்பட்டாள். இது பிழை என்று இடித்துரைத்த கெண்ட் பிரபு நாடு கடத்தப்பட்டான். அவனோ வேறொருவனாக உருமாறித் திரும்பி வந்து, தன்னை விரட்டிய அரசனுக்கே பணியாளாக நின்று புயலிலும் மழையிலும் காத்தான். ஜீவசித்தி பூண்டதும் வேடம். கெண்ட் பூண்டதும் வேடம். ஒருவன் நம்பியவனைக் கெடுக்கப் பூண்டான். மற்றவன் நம்பாதவனைக் காக்கப் பூண்டான். ஆகவே குற்றம் ஆடையில் இல்லை. உள்ளத்தின் வளைவில் இருக்கிறது.

அவ்வளைவையே நம் ஆகமங்கள் ‘மாயை’ என்கின்றன. பிற சமயத்தார் உலகத் தோற்றத்தைக் குறிக்க வழங்கும் சொல்லன்று இது. குரோதம், மானம், மாயை, லோபம் என்னும் நான்கு கஷாயங்களுள் ஒன்றாகிய வஞ்சம். மூங்கில் வேரின் முறுக்கையும் ஆட்டுக்கடாவின் கொம்பையும் அதற்கு உவமையாகக் கூறுவர். விரதம் பூண்டவன் களைய வேண்டிய மூன்று சல்லியங்களுள்ளும் அது ஒன்று. சல்லியம் என்றால் உடலுள் தைத்து நிற்கும் முள். வஞ்சம் பிறனைக் குத்துவதற்கு முன்பே தன்னைச் சுமப்பவனுள் தைத்து நிற்கிறது என்பது அதன் கருத்து. அதற்கு மறுதலையாகிய நேர்மையே தசதருமங்களுள் ஆர்ஜவம் எனப்படுகிறது.

திருக்கோவலூர் தரும் விடை

முத்ராராக்ஷசத்தில் வஞ்சகன் சமணக் கோலம் பூண்டான் என்றோம். பெண்ணைக் கரையிலுள்ள திருக்கோவலூரில் வஞ்சகன் சைவக் கோலம் பூண்ட கதை வழங்குகிறது. சேக்கிழார் பெருமான் பாடிய மெய்ப்பொருள் நாயனார் வரலாறு அது. சேதி நாட்டை ஆண்ட அம்மன்னனைப் போரில் பலமுறை எதிர்த்துத் தோற்ற முத்தநாதன், திருநீறு பூசிச் சடை முடித்துச் சுவடிக் கட்டினுள் குறுவாளை மறைத்துக் கொண்டு அரண்மனைக்குள் புகுந்தான். காவலன் தத்தன் ஐயுற்றுத் தடுத்தான். ஆகமம் உரைக்க வந்ததாகக் கூறி அவன் உள்ளே சென்றான். வணங்கிய அரசனை வாளால் குத்தினான். பாய்ந்து வந்த தத்தனைக் குருதி வழியக் கிடந்த அரசன் தடுத்து, இவர் நம்மைச் சார்ந்தவர், இவர்க்குத் தீங்கு நேராமல் எல்லை கடத்தி விட்டு வா என்று பணித்தான். சினந்து சூழ்ந்த ஊராரை விலக்கிக் கொண்டு தத்தன் அவ்வாறே செய்து மீண்டான். அச்செய்தியைக் கேட்ட பின்னரே அரசன் உயிர் நீத்தான்.

நாம் வேறு சமயத்தார் ஆயினும் இக்கதையை எண்ணுந்தோறும் நெஞ்சம் நெகிழ்கிறோம். துரோகம் இருமுறை கொள்ளையிடுகிறது. முதலில் நம் பொருளையோ உயிரையோ கவர்கிறது. அடுத்து, இனி எவரையும் நம்பும் ஆற்றலைக் கவர்கிறது. முத்தநாதன் முதற் கொள்ளையைச் செய்து முடித்தான். இரண்டாவதைச் செய்ய அரசன் விடவில்லை. ஒரு பொய்யடியான் பொருட்டு அக்கோலம் பூண்ட மெய்யடியார் அனைவரும் நாளை ஐயுறப்பட வேண்டாம் என்று கருதியவன்போல், தன் வாழ்வை இழந்தும் தன் மதிப்பை இழக்காமல் சென்றான்.

ஆனால் இங்கே ஒரு தடை எழும். கொலை செய்தவனை விட்டுவிடுவது அறமாகுமா? அவன் நாளை மற்றொருவனைக் குத்தினால் அப்பழி யாரைச் சாரும்? இத்தடை சிறிதன்று. இதற்கு நாம் கூறும் விடை இதுவே: மெய்ப்பொருளார் மன்னித்தது தம் மார்பில் பட்ட புண்ணை. அதற்கு அவர்க்கு முழு உரிமை உண்டு. பிறர் மார்பில் பட்ட புண்ணை மன்னிக்கும் உரிமை அவர்க்கும் இல்லை; நமக்கும் இல்லை. க்ஷமை என்பது நம் இழப்பின் மேல் நாம் செலுத்தும் உரிமை. அயலான் இழப்பை எடுத்துத் தானம் செய்வது க்ஷமை ஆகாது.

தத்தனையும் மறந்துவிடக் கூடாது. அவன் உள்ளம் பழிவாங்கத் துடித்தது; கை வாளைப் பற்றியது. ஆயினும் தலைவன் சொல்லுக்காகப் பகைவனுக்கே காவலாகச் சென்றான். கர்ணனும் தலைவனுக்கு உண்மையாய் நின்றான், தத்தனும் நின்றான். கர்ணனின் உறுதி பல உயிர்களின் அழிவுக்குத் துணை போயிற்று. தத்தனின் உறுதி ஓர் உயிரைக் காத்தது. ஒருவனிடம் உறுதி இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது. அவ்வுறுதி அவனை எதைச் செய்ய வைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

அவ்வூரிலேயே மூன்றாவது சான்றும் உண்டு. பாரி மாய்ந்தபின் அவன் மகளிரைப் பாதுகாத்து அழைத்துச் சென்று, மன்னர் சிலர் மணக்க மறுத்தும் சோர்வடையாமல் அவர்க்கு வாழ்வு தேடியவர் கபிலர். திருக்கோவலூர் வீரட்டானக் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, பாரி மகளை மலையனுக்கு அளித்துவிட்டுக் கபிலர் தீயில் புகுந்த செய்தியைக் கூறுகிறது. ஆற்றின் நடுவிலுள்ள கபிலக்கல்லை இன்றும் காட்டுகின்றனர். நட்புக்காக இறந்தார் என்று உலகம் அவரைப் போற்றுகிறது. அவர் இறந்ததைக் காட்டிலும் அதற்கு முன் ஊர் ஊராய் நடந்ததையே நாம் பெரிதாக எண்ணுகிறோம். மறைந்த நண்பனின் கடமையைத் தன் தோளில் சுமந்து முடித்ததே அவருடைய நட்பு.

கருணாபுரத்தில் முறிந்தது எது?

இனிக் கள்ளக்குறிச்சிக்கு வருவோம். குடிப்பவன் தானே அழிவைத் தேடிக் கொண்டான். இதில் துரோகம் எங்கே வந்தது என்று கேட்போர் உண்டு. மதுவைத் துறப்பது நம் இல்லறத்தார் மேற்கொள்ளும் மூலகுணங்களுள் ஒன்று. ஆதலின் குடியை நாம் நியாயப்படுத்தப் போவதில்லை. எனினும் குடித்தவன் செய்த பிழை வேறு. அவனுக்குச் செய்யப்பட்ட தீங்கு வேறு. பிழை செய்தவனுக்குத் துரோகம் செய்யலாம் என்று எந்த அறநூலும் கூறவில்லை.

மெத்தனாலின் தன்மையைச் சற்று அறிந்து கொள்வது நன்று. நிறமற்றது. சாராயத்தில் இயல்பாக உள்ள எத்தனாலோடு கலந்தால் நாவாலும் மூக்காலும் எளிதில் பிரித்தறிய இயலாது. உட்சென்றபின் உடலே அதனை ஃபார்மால்டிஹைடு என்றும், பின் ஃபார்மிக் அமிலம் என்றும் மாற்றுகிறது. அவ்வமிலம் கண் நரம்பைத் தாக்கிப் பார்வையைப் பறிக்கும். மிகுந்தால் உயிரையும் பறிக்கும். தீமை உடனே வெளிப்படுவதில்லை. பல மணி நேரம் கழித்தே தெரியும். அதற்குள் அதே சாராயத்தை மற்றொருவர் வாங்கியிருப்பார். முத்தநாதனின் சுவடிக் கட்டுக்கும் இதற்கும் என்ன வேற்றுமை? நஞ்சும் வேடம் பூண்டே வருகிறது.

வாங்குபவன் தன் உயிரை விற்பவன் கையில் வைக்கிறான். இது சாராயத்திற்கு மட்டும் உரியதன்று. பால் வாங்கும் தாய், மருந்து வாங்கும் முதியவர், விதை வாங்கும் உழவர் ஆகிய அனைவரும் நாள்தோறும் முகமறியாதாரை நம்பியே வாழ்கின்றனர். சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரைக்குள் நுழைந்து, எதிர்ப்பட்ட பொற்கொல்லனிடம் சிலம்பைக் காட்டியதும் அத்தகைய நம்பிக்கையால்தான். அப்பொற்கொல்லன் கோவலனுக்கு நண்பனோ உறவினனோ அல்லன். ஆயினும் அவன் செய்ததைத் துரோகம் என்றே தமிழ் மக்கள் வழிவழியாக உணர்ந்து வந்துள்ளனர். விற்பவனும் வாங்குபவனும், கேட்பவனும் விடை சொல்பவனும் ஒருவர்க்கொருவர் சொல்லாமலே செய்து கொண்ட உடன்படிக்கை ஒன்று உண்டு. அது முறியின் ஊர் என்பது வெறும் வீடுகளின் கூட்டம் ஆகிவிடும்.

அங்கே சாராயம் விற்கப்பட்டதை அறிந்தவர் பலர் என்று செய்தித்தாள்கள் எழுதின. 2023 மே மாதத்தில்தான் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் இதே வகை நஞ்சால் பலர் மாண்டிருந்தனர். அறிந்தும் அறியாதார்போல் இருந்த அலுவலர் தம் கடமைக்குச் செய்த துரோகம் தனியே உசாவப்பட வேண்டியது. 2024 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் இவ்வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது. நாம் இங்கே எண்ணுவது எளிய அயலாரின் மௌனத்தை. அச்சத்தால் வாய் திறவாதவரைக் குறை கூற நமக்கு மனமில்லை. ஆனால் ‘நம்மவனைக் காட்டிக் கொடுக்கலாமா?’ என்னும் எண்ணத்தால் வாய் திறவாதவர்க்கு ஒன்று சொல்ல வேண்டும்.

சந்தனதாசனும் வாய் திறக்கவில்லை. அவன் மௌனம் யாரைக் காத்தது? ஒரு குற்றமும் செய்யாத தாயையும் மக்களையும் காத்தது. விடத்தை விற்பவனைப் பற்றிய மௌனம் யாரைக் காக்கிறது? விற்பவனைக் காக்கிறது, குடிப்பவனைக் கைவிடுகிறது. இருவரும் அதே தெருவினர்தாமே! ஒருவனுக்குக் காட்டும் விசுவாசம் மற்றொருவனுக்குத் துரோகமாகிறது. ஆதலின் வாய் மூடியிருந்தேன், எவரையும் காட்டிக் கொடுக்கவில்லை என்று மகிழ்வதில் பொருளில்லை. மௌனமும் சில வேளைகளில் காட்டிக் கொடுக்கிறது.

மற்றொரு தீங்கும் அந்நாள்களில் நேர்ந்தது. கல்வராயன் மலையில் கள்ளச் சாராயம் காய்ச்சப்படுவதாகச் செய்திகள் பெருகவே, மலைவாழ் மக்கள் அனைவரையும் ஐயத்தோடு நோக்கும் பேச்சு எழுந்தது. அம்மலையில் வாழும் மலையாளி எனப்படும் பழங்குடியினர் நெடுங்காலம் ஜாகீர்தார்களின் ஆட்சியில் இருந்தவர்கள். 1976 ஆம் ஆண்டில்தான் அம்முறை அகன்று அரசின் நேரடி ஆட்சி ஏற்பட்டது. சாலையும் பள்ளியும் மருத்துவமும் அவர்களைத் தாமதமாகவே சென்றடைந்தன. 2024 இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களது நிலையைத் தானாகவே வழக்காக எடுத்துக் கொண்டு விசாரித்தது. சிலர் செய்த குற்றத்துக்காக ஒரு மலை முழுவதையும் பழிப்பது, ஒரு முத்தநாதனுக்காக அடியார் அனைவரையும் வெறுப்பதை ஒக்கும். இறக்கும் தறுவாயிலும் மெய்ப்பொருளார் செய்யாத பிழையை நலமாய் வீட்டில் அமர்ந்திருக்கும் நாம் செய்யலாகாது.

அதே வேளையில், குற்றவாளிகளை மன்னித்துவிடலாம் என்று கூறவும் நமக்கு உரிமை இல்லை. அந்தப் புண் நம் மார்பில் பட்டதன்று. 2024 ஜூன் மாத இறுதியில் தமிழகச் சட்டமன்றம் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, இத்தகைய மரணங்களுக்குக் காரணமானோர்க்கு ஆயுட்காலச் சிறை வரை தண்டனை விதித்தது. சட்டம் தன் கடமையைச் செய்யட்டும். தண்டனையை வேண்டுவதும் வெறுப்பை வளர்ப்பதும் ஒன்றல்ல.

இல்லத்துள் நிகழும் துரோகம்

தெருவில் நிகழ்வதே வீட்டிலும் சிறிய அளவில் நிகழ்கிறது. வகுப்பறையிலும் அப்படியே. கரும்பலகையில் கிறுக்கியது யார் என்று கேட்டால் நாற்பது பிள்ளைகளும் தலை கவிழ்ந்து நிற்பர். அதனை நாம் பெரிதாக எடுத்துக் கொண்டதில்லை. அம்மௌனத்தில் ஓர் ஒற்றுமையும் இருக்கிறது. ஆனால் ஒரு பிள்ளையை மற்றொரு பிள்ளை நாள்தோறும் அடித்துத் துன்புறுத்துவதை அறிந்தும் வகுப்பு முழுவதும் அதேபோல் நின்றால், அது ஒற்றுமையன்று; அடி வாங்கும் பிள்ளைக்கு வகுப்பே செய்யும் துரோகம். இவ்வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு விளக்கிக் கூறினால் ஐந்தாம் வகுப்பிலேயே புரிந்து கொள்கின்றனர். பெரியவர்களே தடுமாறுகிறோம்.

லியர் மன்னன் கதை நம் வீடுகளிலும் நிகழ்கிறது. கணவனை இழந்த தாய் ஒருத்தி, மகனின் இனிய சொல்லை நம்பி வீட்டையும் நிலத்தையும் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுக்கிறாள். பத்திரம் பதிவான மறு ஆண்டே வேளா வேளைக்குச் சோறும் இல்லை, சொல்லும் இல்லை. பெண்களிடம் கையொப்பம் பெறும்போது அண்ணன்மார் பேசும் அன்பும், பின்னர் அவர்கள் வாசலுக்கு வரும்போது காட்டும் முகமும் பலர்க்கும் தெரிந்ததே. அவள் இழந்தது நிலம் மட்டுமன்று. மகன் சிறுவனாய் இருந்தபோது தான் கொண்ட மகிழ்ச்சியையும் அவள் இப்போது ஐயுறுகிறாள். அன்றும் அவன் இப்படித்தான் இருந்தானோ என்று எண்ணுகிறாள். இறந்த காலத்தையும் திருடிக் கொள்வதே துரோகத்தின் கொடுமை.

2007 ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23 ஆம் பிரிவு இத்தகையோர்க்கு ஒரு வழி செய்துள்ளது. தம்மைப் பேண வேண்டும் என்னும் நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தைப் பெற்றவர் அவ்வாறு பேணாவிடில், அப்பத்திரத்தைச் செல்லாததாக அறிவிக்குமாறு தீர்ப்பாயத்தை நாடலாம். வருவாய்க் கோட்டாட்சியரிடம் இதற்கு மனுச் செய்யலாம். அந்நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதி வைப்பது அறிவுடைமை. பெற்ற பிள்ளையிடம் நிபந்தனை எழுதி வாங்குவதா என்று கூசுவோர் உண்டு. நேர்மையான பிள்ளைக்கு அதனால் குறைவொன்றும் இல்லை.

நம்பிக்கை வைப்போர்க்கும் ஒரு கடமை உண்டு என்பதை நம் ‘சீவக சிந்தாமணி’ காட்டுகிறது. ஏமாங்கத நாட்டு மன்னன் சச்சந்தனை அவன் அமைச்சன் கட்டியங்காரன் சூழ்ச்சியால் வீழ்த்தினான். விசயை மயிற்பொறியில் ஏறித் தப்பிச் சுடுகாட்டில் சீவகனை ஈன்றாள். கட்டியங்காரன் துரோகி என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்கு முன், இன்பத்தில் மூழ்கி நாட்டைப் பிறன் கையில் ஒப்புவித்து, நல்லமைச்சர் எச்சரித்தும் கேளாதிருந்தவன் மன்னனே அல்லவா? நம்பிக்கை என்பது கண்ணை மூடிக் கொள்வதன்று. கணக்குக் கேட்பது ஐயமும் அன்று. கோயில் நிதியாயினும், சங்க நிதியாயினும், குடும்பச் சொத்தாயினும் ஆண்டுக்கொருமுறை கணக்கைப் படித்துக் காட்டுவது நம்பிக்கையைக் காக்கும் வேலி.

நமக்கு ஓர் அளவுகோல்

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் மூன்று கேள்விகள் கிடைக்கின்றன. நம் உறுதி எவரையேனும் துன்புறுத்தத் துணை போகிறதா? அப்படியாயின் அதைப் பற்றி நிற்பது விசுவாசம் ஆகாது. நாம் எதிர்ப்பதாயின் விகர்ணனைப்போல் முகத்துக்கு நேரே எதிர்க்கிறோமா, ஜீவசித்தியைப்போல் முதுகுக்குப் பின்னே எதிர்க்கிறோமா? வெளிப்படையாகக் கூறிய மறுப்பு எவ்வளவு கசப்பாயினும் துரோகம் ஆகாது. நமக்குத் துரோகம் இழைக்கப்பட்டபோது, அவ்வொருவனோடு நின்றுவிடுகிறோமா, அவன் இனத்தையும் ஊரையும் உறவையும் சேர்த்து வெறுக்கிறோமா?

திருக்கோவலூருக்கு மேற்கே பெண்ணைக் கரையில் ஜம்பை என்னும் ஊர் உண்டு. அங்குள்ள குகையில் 1981 ஆம் ஆண்டில் தமிழ் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டைக் கண்டறிந்தனர். அதியன் நெடுமான் அஞ்சி அப்பாளியை அளித்த செய்தியை அது கூறுகிறது. துறவியர் தங்குவதற்காக அமைந்த இருப்பிடம் அது. அக்கல்வெட்டு அம்மன்னனுக்குத் தரும் பட்டம் ‘சதியபுதோ’. அசோகனின் கல்வெட்டுகளில் தென்னாட்டு அரசர் வரிசையில் காணப்படும் பெயரும் அதுவே. சத்தியத்தின் புதல்வர் என்று அதற்குப் பொருள் கொள்வோர் உண்டு. வீரத்தாலும் கொடையாலும் புகழ் பெற்ற ஒருவனை அவன் காலத்தார் பாறையில் பொறிக்கும்போது வாய்மைப் பெயரிட்டே பொறித்தனர்.

கூரை வீடாயினும் மாடி வீடாயினும் அப்பட்டம் எவர்க்கும் கிட்டக் கூடியதே. அளவு குறையாமல் பால் ஊற்றுபவர் அதனைப் பெறுகிறார். தாயிடம் சொன்ன சொல்லைப் பத்திரம் பதிவான பின்னும் காக்கும் மகன் பெறுகிறான். விடம் விற்பவன் தன் சொந்தத் தம்பியே ஆயினும் அண்டை வீட்டுக் குழந்தைகளின் தந்தை சாகாதிருக்க வேண்டும் என்று வாய் திறக்கும் பெண்மணியும் பெறுகிறாள். ஊர் அவளைக் காட்டிக் கொடுத்தவள் என்று ஏசக்கூடும். அந்நாளில் அவள் வாசலுக்குச் சென்று அவளருகே நிற்பது நம் கடன்.